ஸ்கேன் அறைக்குள் ஒரு தாய் எதைத் தேடி வருகிறாள்?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபப் பங்காளர்களே,

நமது மகப்பேறுப் பிரிவின் ஸ்கேன் கருவிக்காக நீங்கள் காணிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அது பழுதானபோது ஜெபித்திருக்கிறீர்கள். கருவியைப் பற்றி இந்தப் பக்கங்களில் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தக் கருவிக்கு முன்னால் படுத்திருக்கும் தாயைப் பற்றியும், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அவள் கணவனைப் பற்றியும் அதிகம் எழுதியதில்லை. அவர்கள் எதை எதிர்பார்த்து உள்ளே வருகிறார்கள்? எதைச் சுமந்துகொண்டு வெளியே போகிறார்கள்? இந்த இதழில் அதைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பெஞ்சில் கேட்ட பதில்கள்

ஸ்கேன் நாட்களில் காலை ஜெபம் முடிவதற்கு முன்பே தாழ்வாரத்து பெஞ்சுகள் நிறைந்துவிடும். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் அவர்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மஞ்சள் பை, பைக்குள் பழைய சீட்டுகள். மாதம் ஆகாதவர்களைத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கச் சொல்வோம். ஆகவே பாதிப்பேர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருப்பார்கள்.

"எதற்காக ஸ்கேன் எடுக்க வந்திருக்கிறீர்கள்?" என்று நமது ஆலோசனை சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் கேட்பார். முதல் பிரசவத்துக்கு வந்த இளம்பெண், "பாப்பாவைப் பார்க்கணும் சிஸ்டர்" என்பாள். மாமியார், "தலை திரும்பியிருக்கா, சுகப்பிரசவம் ஆகுமான்னு தெரியணும்" என்பார். வெளியூர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்த கணவர், "எல்லாம் நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும்" என்பார். போன தடவை ஏழாம் மாதத்தில் பிள்ளையை இழந்த ஒரு தாய், "துடிப்பு இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

"குழந்தைக்கு ஏதாவது குறை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வந்தேன்" என்று ஒருவரும் சொன்னதில்லை. மருத்துவர் பார்ப்பதோ பெரும்பாலும் அதைத்தான். தாய் பிள்ளையைச் சந்திக்க வருகிறாள். மருத்துவர் பிள்ளையைப் பரிசோதிக்க வருகிறார். ஒரே திரையை இருவரும் பார்க்கிறார்கள், ஆனால் வேறு வேறு காரியங்களைத் தேடுகிறார்கள். ஸ்கேன் அறையில் நேரிடும் துக்கங்களில் பல இந்த வித்தியாசத்திலிருந்தே பிறக்கின்றன.

இது நமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. பல நாடுகளில் கர்ப்பிணிகளிடம் கேட்டறிந்த கருத்துகளைத் தொகுத்து 2000-ம் ஆண்டில் பிரிட்டனில் ஓர் அறிக்கை வெளியானது. பெண்கள் ஸ்கேனை மிகவும் விரும்புகிறார்கள், ஆனால் அது எதற்காகச் செய்யப்படுகிறது, எதைக் காட்டாது என்பதைப் பலர் அறியாமலே வருகிறார்கள், ஆகவே கெட்ட செய்திக்கு ஆயத்தமில்லாமல் இருக்கிறார்கள் என்று அந்த அறிக்கையும் கூறியது.

கப்பல் கட்டும் ஊரிலிருந்து வந்த கருவி

இந்தக் கருவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். ஸ்காட்லாந்து தேசத்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயான் டொனால்டு. அவர் கிறிஸ்தவ விசுவாசி. இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் பணிபுரிந்தபோது, அலைகளை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் கருவிகளைப் பற்றி அறிந்திருந்தார். கிளாஸ்கோ கப்பல் கட்டும் ஊர். அங்கே கொதிகலன்களின் இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்ப்பார்கள். 1955-ல் டொனால்டு, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் வைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள ரென்ஃப்ரூ ஊரின் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பைச் சோதிக்கும் கருவியால் சதையையும் சோதிக்க முடியுமா என்று பார்த்தார். முடிந்தது. டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மக்விக்கர் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். 1958-ல் மூவரும் தங்கள் முடிவுகளை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இன்று உலகமெங்கும் கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படும் ஸ்கேன் அங்கேதான் வேர்கொண்டது.

இது எக்ஸ்ரே அல்ல. பல தாய்மார் "கதிர் பாய்ச்சினால் பிள்ளைக்கு ஆகாதே" என்று பயப்படுவதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. மனிதக் காது கேட்கக்கூடிய ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான். ஸ்கேன் கருவி அனுப்புவது பல லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி. அது வயிற்றுக்குள் சென்று எலும்பு, தசை, நீர் ஆகியவற்றில் மோதி வெவ்வேறு விதமாகத் திரும்பி வருகிறது. எலும்பு வெண்மையாகவும், நீர் கறுப்பாகவும் திரையில் தெரிகின்றன. வயிற்றில் தடவும் குளிர்ந்த பசை, தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று புகாதிருக்கவே. காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. இத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்தியும், மருத்துவத் தேவைக்காக அளவோடு செய்யும் ஸ்கேனால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததாக நிரூபிக்கப்படவில்லை. அதற்காக, ஆசைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று எடுப்பதையும் நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

எத்தனை ஸ்கேன், எப்போது?

ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 24 வாரங்களுக்கு முன் ஒரு ஸ்கேனாவது செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்தது. நமது மருத்துவமனையில் வழக்கமாகச் சொல்வது மூன்று.

முதலாவது, 11 வாரம் முதல் 14 வாரத்துக்குள். கருவுக்கு எத்தனை வாரம் என்பதை மிகத் துல்லியமாகச் சொல்லக்கூடியது இதுவே. கடைசி மாதவிலக்குத் தேதியை, "ஊர்த் திருவிழாவுக்கு நாலு நாள் முந்தி" என்று சொல்லும் தாய்மாருக்கு இது பெரிய உதவி. ஒற்றைக் குழந்தையா, இரட்டையா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில், 18 முதல் 20 வாரங்களுக்குள். தலை, முதுகெலும்பு, இருதயம், வயிறு, சிறுநீரகம், கைகால்கள் என ஒவ்வொன்றாகப் பார்ப்பது இதுவே. இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

மூன்றாவது, எட்டாம் மாதத்தை ஒட்டி. குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீரின் அளவு, நஞ்சு இருக்கும் இடம், தலை எந்தப்பக்கம் என்பவை அதில் தெரியும்.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டியதையும், அந்த மூன்று இளம்பெண்களும் பிரசவ வேதனையிலேயே மரித்ததையும், அதுவே ஐடா ஸ்கடரை மருத்துவ ஊழியத்துக்கு அழைத்ததையும் நீங்கள் அறிவீர்கள். அந்தக் காலத்தில் தாயின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று முன்னதாகப் பார்க்க ஒருவராலும் முடியாது. நஞ்சு கர்ப்பப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தால், இரத்தம் கொட்டத் தொடங்கிய பிறகே தெரியும். இன்று எட்டாம் மாதத்திலேயே தெரிகிறது. அப்படிப்பட்ட தாயை முன்னதாகவே சேர்த்து, இரத்தத்துக்கு ஏற்பாடு செய்து, ஆபரேஷன் மூலம் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறோம். இந்தக் கருவிக்காக நாங்கள் தேவனைத் துதிப்பதற்கு முதல் காரணம் இதுவே.

பயமுறுத்தும் வார்த்தைகள்

ஸ்கேன் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் யாராவது ஒரு வார்த்தையைச் செல்போனில் தேடிப் பார்ப்பார்கள். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை. அடிக்கடி பயமுறுத்தும் மூன்று காரியங்களை உங்களுக்கும் விளக்கிவிடுகிறோம். உங்கள் குடும்பத்திலோ சபையிலோ யாருக்காவது உதவும்.

"நஞ்சு கீழே இருக்கிறது." ஐந்தாம் மாதத்தில் இப்படி எழுதப்படும் தாய்மாரில் பெரும்பாலோருக்குக் கர்ப்பப்பை வளர வளர நஞ்சும் மேலே போய்விடுகிறது. மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். இடையில் இரத்தம் பட்டால் உடனே வரவேண்டும்.

"இருதயத்தில் வெள்ளைப் புள்ளி." இது ஓட்டை அல்ல. இருதயத் தசையின் ஒரு சிறு பகுதி திரையில் வெண்மையாகத் தெரிவதுதான். மற்றவை எல்லாம் சரியாக இருக்கும்போது, இது இருதய நோய் அல்ல.

"கொடி சுற்றியிருக்கிறது." ஆரோக்கியமான பிள்ளைகள் எத்தனையோ பேர் கழுத்தில் கொடி சுற்றியபடியே சுகப்பிரசவமாகப் பிறக்கிறார்கள். இதற்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை.

ஒரு தாய் வெள்ளைப் புள்ளி என்ற வார்த்தையை ஐந்தாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை சுமந்தாள். வேறிடத்தில் எடுத்த ஸ்கேன். விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பிள்ளைக்குச் சட்டை தைக்கக்கூட அவள் சம்மதிக்கவில்லை. குழந்தை பிறந்து அழுத சத்தம் கேட்டபோது அவள் முதலில் கேட்டது, "இருதயம் இருக்கா?" என்பதே. அந்த நான்கு மாதங்களை அவளுக்கு யார் திருப்பிக் கொடுக்கமுடியும்?

எங்கள் தவறு ஒன்று

மற்றவர்களைப் பற்றி எழுதிவிட்டு எங்கள் தவறை மறைப்பது நியாயமல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நமது ஸ்கேன் அறையில் நடந்த காரியம் இது.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு ஓர் இளம்பெண் வந்தாள். ஸ்கேன் செய்த இளம் மருத்துவர் கவனமானவர். தலை, முதுகு எல்லாம் பார்த்தார். இருதயம் மட்டும் சரியாகத் தெரியவில்லை. கருவியை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கொஞ்சம் இருங்க, பெரிய டாக்டரைக் கூப்பிடணும்" என்று சொல்லி வெளியே போனார். அப்போது நான் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தேன். வந்துசேர நாற்பது நிமிடங்கள் ஆயின. திரை அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அறை இருட்டு. அவள் கணவர் வெளியே.

நான் உள்ளே போனபோது அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எப்ப போச்சு டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிள்ளை எப்போது இறந்தது என்று கேட்கிறாள் என்பது பிறகுதான் புரிந்தது. அதற்குள் கணவரும் அவளுடைய தகப்பனாருக்குப் போன் செய்து வரச்சொல்லிவிட்டார்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கவிழ்ந்து படுத்திருந்தது, அவ்வளவுதான். தாயைக் கொஞ்சம் நடக்கவைத்துத் திரும்பப் பார்த்தபோது இருதயத்தின் நான்கு அறைகளும் தெளிவாகத் தெரிந்தன. துடிப்பை அவளுக்குக் காட்டினேன். அப்போதுதான் அவள் அழுதாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று மாலை மகப்பேறுப் பிரிவில் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஜெபித்தோம். இளம் மருத்துவரைக் குறை சொல்லவில்லை. எங்களில் யாரும் அவருக்குப் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. அன்றுமுதல் சில காரியங்களை வழக்கமாக்கினோம்.

1. ஸ்கேன் தொடங்குமுன், எதற்காகப் பார்க்கிறோம், எதைப் பார்க்கமுடியாது என்று ஆலோசனை சிஸ்டர் சொல்லுவார்.

2. முதலாவது துடிப்பைக் காட்டுவோம். தாயின் கண் எதைத் தேடுகிறதோ அது முதலில்.

3. "இனி கொஞ்ச நேரம் நான் அளக்கப்போறேன் மா, பேசமாட்டேன். பேசாம இருக்கேன்னு பயப்படாதே" என்று முன்னதாகவே சொல்லுவோம்.

4. தாய் விரும்பினால் கணவரோ, அவளுடைய அம்மாவோ ஒருவர் கூட இருக்கலாம்.

5. இன்னொரு மருத்துவரை அழைக்கவேண்டுமானால் காரணத்தைச் சொல்லிவிட்டே வெளியே போவோம். சிஸ்டர் ஒருவர் தாயின் அருகில் இருப்பார்.

6. அறிக்கையைத் தமிழில் விளக்காமல் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

இவற்றில் எதற்கும் புதிய கருவி தேவைப்படவில்லை. நேரமும் ஆட்களும் தேவைப்பட்டன.

ஸ்கேன் காட்டாதவை

"ஸ்கேன்ல எல்லாம் நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே!" இந்த வார்த்தையைக் கேட்காத மகப்பேறு மருத்துவர் இருக்கமாட்டார். அண்ணம் பிளந்து பிறந்த ஒரு குழந்தையின் தகப்பனார் எங்களிடம் அப்படிக் கேட்டார். அவருடைய கோபம் எங்களுக்குப் புரிந்தது. உதடு சரியாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால், அது ஸ்கேனில் தெரியாமலே போவது உண்டு. ஆனால் அதை முன்னதாக அவரிடம் யார் சொன்னது?

கண்பார்வை, காது கேட்பது, புத்தி வளர்ச்சி இவற்றை ஸ்கேன் சொல்லாது. இருதயக் குறைகளில் சில தெரியும், சில தெரியாது. மங்கோலியக் குறைபாடு என்று முன்பு சொல்லப்பட்ட டவுன் குறைபாட்டை ஸ்கேன் மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லவோ இல்லையென்று மறுக்கவோ முடியாது. கடைசி மாதத்தில் சொல்லும் எடையும் உத்தேசமே. மூன்று கிலோ என்று சொன்ன பிள்ளை இரண்டே முக்கால் கிலோவாகவும் பிறக்கும், மூன்றேகால் கிலோவாகவும் பிறக்கும்.

ஆகவே இப்போது நாங்கள் "எல்லாம் நல்லாயிருக்கு" என்று சொல்வதில்லை. "பார்க்கக்கூடியதைப் பார்த்தோம், அதில் குறை ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லுகிறோம். கேட்பதற்கு இது அவ்வளவு இனிமையாக இல்லை என்பது தெரியும். ஆனால் உண்மை இதுவே. மீதியைக் குழந்தையை உருவாக்கிய தேவனுடைய கரத்தில் ஒப்புக்கொடுத்து ஜெபித்து அனுப்புகிறோம்.

கேட்கக்கூடாத கேள்வி

"ஆணா பெண்ணா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சிலர் நேராகக் கேட்பார்கள். சிலர், "நீல சட்டை வாங்கட்டுமா, ரோஸ் சட்டை வாங்கட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நாங்கள் சொல்வதில்லை. வார்த்தையாலும் சைகையாலும் வேறெந்த விதத்திலும் சொல்லக்கூடாது என்று 1994-ல் இயற்றப்பட்டு 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுக்கிறது. 2003-ல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்பவேண்டும். தாயும் மருத்துவரும் அதில் உறுதிமொழி தரவேண்டும்.

சட்டம் ஏன் வந்தது என்பதை நமது சபைகள் மறந்துவிடக்கூடாது. நம் நாட்டில் 6 வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-ல் 927 ஆகக் குறைந்தார்கள். தமிழ்நாட்டில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டிய நிலை இருந்தது. பிள்ளையைப் பார்க்க உதவும் கருவியே பிள்ளையைத் தள்ளிவிடவும் உதவியது என்பது வேதனையான உண்மை. கிறிஸ்தவக் குடும்பங்களும் இந்தக் கேள்வியைக் கேட்கின்றன என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பிறகு மூன்றாவதாகக் கர்ப்பமான தாய் ஸ்கேன் மேஜையில் படுத்திருக்கும்போது, அவள் கண் மருத்துவரின் முகத்தை எப்படித் தேடும் என்று ஒருமுறை பார்த்தவர்கள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கமாட்டார்கள்.

கெட்ட செய்தி சொல்லவேண்டிய நாள்

மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் தச்சு வேலை செய்பவர். அவளுக்கு அது முதல் கர்ப்பம். மாதாமாதம் மாத்திரை வாங்கியிருந்தாலும், ஐந்தாம் மாதத்தில்தான் முதல் ஸ்கேனுக்கு வந்தார்கள். துடிப்பு நன்றாக இருந்தது. கைகால்கள் அசைந்தன. ஆனால் கண்களுக்கு மேல் மண்டையோடு உருவாகவே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் உயிரோடிருக்கும்.

இருட்டு அறையில் வைத்து இதைச் சொல்லவில்லை. பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், இருவரையும் உட்காரவைத்து, எளிய தமிழில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னோம். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவள், "நான் ஏதாவது தப்பாச் சாப்பிட்டுட்டேனா?" என்று கேட்டாள். அவர், "கிரகணத்தன்னைக்கு வெளியே போனான்னு எங்கம்மா சொல்றாங்க" என்றார். இரண்டும் காரணம் அல்ல, இது யாருடைய பாவத்தின் தண்டனையும் அல்ல என்று சொன்னோம். அன்று நாங்கள் செய்த மருத்துவத்தில் முக்கியமானது அதுவே என்று நினைக்கிறேன்.

சட்டம் எதை அனுமதிக்கிறது, நமது மருத்துவமனை எதைச் செய்யும், வேறிடம் போக விரும்பினால் எங்கே போகலாம் என்பதையும் சொன்னோம். பதிலை அன்றே சொல்லவேண்டியதில்லை என்றோம். மூன்று நாள் கழித்துத் தங்கள் சபை ஆயரோடு வந்தார்கள். "இருக்கிறவரைக்கும் இருக்கட்டும் டாக்டரம்மா" என்றாள். வேறு முடிவு எடுத்த தம்பதியரும் உண்டு. அவர்களுக்கும் அதே அறையும் அதே நேரமும் அதே ஜெபமும் கிடைத்தன. நியாயந்தீர்ப்பது எங்கள் ஊழியம் அல்ல.

எட்டாம் மாதத்தில் வலி வந்தது. பெண் குழந்தை. ஐம்பது நிமிடங்கள் உயிரோடிருந்தாள். ஆயர் வந்துசேர நேரமில்லாததால் வார்டு சிஸ்டரே ஞானஸ்நானம் கொடுத்தார். தொப்பி போட்டு, போர்வையில் சுற்றித் தாயின் மார்பில் வைத்தோம். சிறு பெட்டியைத் தகப்பனே செய்து கொண்டுவந்திருந்தார்.

"அவள் முகத்தைப் பார்த்தேன். முதல்லயே சொன்னதால பயப்படாம பார்த்தேன்" என்று அந்தத் தாய் பிறகு சிஸ்டரிடம் சொன்னாள். ஸ்கேன் அந்தக் குழந்தையைக் காப்பாற்றவில்லை. ஆனால் ஆயத்தப்பட மூன்று மாதங்களைக் கொடுத்தது.

தடுக்கக்கூடியது

மண்டையோடும் முதுகெலும்பும் சரியாக மூடாமல் போகும் இந்தக் குறையைப் பெரும்பாலும் தடுக்கமுடியும் என்பதை எல்லாரும் அறியவேண்டும். கரு உருவாகி 28 நாட்களுக்குள் அந்தப் பகுதி மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நாட்கள் அவை. ஆகவே போலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கவேண்டும். முன்பு இப்படி ஒரு பிள்ளையை இழந்த தாய்மாருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால், மறுபடி அந்தக் குறை வருவது 72 சதவிகிதம் குறைகிறது என்று 1991-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அவர்களுக்கு அளவு அதிகம் வேண்டும். மருத்துவரைக் கேட்டே எடுக்கவேண்டும். மற்றப் பெண்களுக்குச் சிறிய அளவே போதும். மலிவான மாத்திரை. திருமணம் நிச்சயமானதுமே சபையிலுள்ள சகோதரிகளிடம் இதைச் சொல்லுங்கள். திருமண ஆலோசனை வகுப்புகளில் ஆயர்மார் இதையும் சேர்த்துக்கொண்டால் நலம்.

அந்தத் தச்சரும் அவர் மனைவியும் இரண்டு வருடம் கழித்து வந்தார்கள். சிஸ்டர் சொன்னபடி மாத்திரையை முன்பே தொடங்கியிருந்தாள். 12-ம் வாரத்து ஸ்கேன். வழக்கம்போல் துடிப்பைக் காட்டப்போனேன். "முதல்ல தலையைக் காட்டுங்க டாக்டரம்மா" என்றாள். கருவியை நகர்த்தி, திரையை அவள் பக்கம் திருப்பினேன். முழு வட்டமாக, வெண்மையாக மண்டையோடு தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கணவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் பொறுத்து, "இன்னொரு தடவை காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனாலும் இன்னொரு தடவை காட்டினோம். உங்கள் காணிக்கை வாங்கித் தருவது அந்த இன்னொரு தடவையைத்தான். கருவி மட்டுமல்ல, ஆலோசனை சிஸ்டரின் சம்பளம், அந்தப் பக்கத்து அறை, ஏழைத் தாய்மாருக்குக் கட்டணச் சலுகை, மாத்திரைகள், அவசரப்படாமல் பேச ஒரு மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன.

ஸ்தோத்திரமும் ஜெபமும்

ஸ்கேன் கருவிக்காகவும் அதைத் தாங்கிவரும் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம்.

கெட்ட செய்தியைக் கேட்கவேண்டியிருக்கும் பெற்றோருக்காகவும், அதைச் சொல்லவேண்டிய மருத்துவர்களுக்கு அன்பும் தெளிவுமான வார்த்தைகள் கிடைக்கும்படியும் ஜெபியுங்கள்.

இரண்டாவது ஆலோசனை சிஸ்டர் ஒருவரை நியமிக்கும் தேவைக்காக ஜெபியுங்கள்.

பெண்பிள்ளையையும் ஆண்பிள்ளையையும் ஒரேவிதமாய் வரவேற்கும் வீடுகளாக நமது வீடுகள் இருக்க ஜெபியுங்கள்.

கர்த்தருடைய கிருபை உங்கள் யாவரோடும் இருப்பதாக.

கிறிஸ்துவின் பணியில்,
மகப்பேறுப் பிரிவு மருத்துவர்